படகுக்குள் ஒட்டிய முகம்

அவர் என் லொறிக்கு முன்னால் ஒரு நாளும் நின்றதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பின்பக்கமாகச் சுற்றிவந்து, என் கதவருகே நின்றுதான் கேட்பார். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு விடுவேனா? "ஏன் பாஸ், என் லொறி ஒங்கள முட்டிப்புடும்னு பயமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு லைட்டு, நடுவுல மூக்கு, கீழ பல்லு. நீங்க அத லொறின்டு நெனச்சிக்கிட்டு ஓட்டுறீங்க தம்பி," என்றார். அன்று மாலை லொறியைக் கழுவும்போது நானும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஓட்டியும் அந்த நினைப்பு போகவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கெடுத்துவிட்டார் மனுஷன்.

எங்கள் பக்கம் தச்சரையும் கொத்தனாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். மாத்தளையில் பாஸ்மாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் வினியர் பாஸ் என்றால் அவர் ஒருவர்தான். நல்ல மரத்தை மெல்லிய ஏடு ஏடாகச் சீவி வைத்திருப்பார்கள், அதுதான் வினியர். அதைச் சாதாரணப் பலகையின்மேல் ஒட்டினால் பலகை முழுவதும் உயர்ந்த மரமாகத் தெரியும். "கூலிக்காரனுக்குக் கோட்டுப் போட்டு உடுற வேல," என்று அவரே தன் தொழிலைக் கிண்டல் செய்வார். நெட்டை உருவம், குனிந்த தோள், தாடியில் எப்போதும் எங்காவது ஒரு பொட்டுப் பசை காய்ந்திருக்கும். வலது கைப் பெருவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார். ஒட்டிய பலகையை அந்த நகத்தால் தட்டிக்கொண்டே போவார். ஏட்டுக்கு அடியில் காற்று நின்ற இடத்தில் சத்தம் மாறும். அங்கே சவர அலகால் கீறிப் பசையைச் செலுத்தி அழுத்திவிடுவார்.

அந்த நகத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடையில் வாங்கிய தீப்பெட்டியில் ஆளோ மிருகமோ அச்சடித்திருந்தால், முதலில் அதன் கண்களைச் சுரண்டிவிட்டுத்தான் பீடி பற்றவைப்பார். ஆணி போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கன்னம் குழியச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கும் கண் இல்லை. கண் இல்லாத சிரிப்பு கண்ணுள்ள சிரிப்பைவிடப் பயங்கரம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அது சிரிக்கட்டும். பாக்காட்டிச் சரி," என்றார்.

எங்கள் வீட்டில் கூடத்துச் சுவரில் மாதா படம் இருந்தது. அதை அவர் குறை சொன்னதே இல்லை. ஆனால் தேநீர் குடிக்க உள்ளே வரமாட்டார். வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து குடிப்பார். என் மனைவிக்கு அது மனத்தாங்கல். "மாதா என்ன பாஸ், ஒங்கள கடிக்கவா போறாங்க?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"சீச்சீ, அப்பிடி இல்ல தங்கச்சி. ஒங்கட ஊடு ஒங்களுக்கு. எங்கட மார்க்கத்துல உருவம் ஈக்கிற எடத்துக்கு மலக்குமார் வரமாட்டாங்க. மலக்குமார் வராத எடத்துல எனக்குத் தண்ணி எறங்காது."

மலக்குமார் என்றால் வானவர்கள், நாங்கள் சம்மனசு என்று சொல்பவர்கள். என் மனைவி அதற்குப் பிறகு அவருக்குத் தேநீரை வாசற்படிக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் மரியாதை கெடவில்லை.

தொழிலிலும் அதே கதைதான். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு ஏடுகளில் வரியும் சுழியும் ஒன்றுபோலவே இருக்கும். புத்தகத்தை விரிப்பதுபோல அவற்றை விரித்து ஒட்டினால், இடமும் வலமும் கண்ணாடி பார்த்த மாதிரி பொருந்திக்கொள்ளும். மற்றப் பாஸ்மார் அப்படித்தான் செய்வார்கள். பணக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கும். இவர் மட்டும் இரண்டாவது ஏட்டை விரிக்கவே மாட்டார். அப்படியே பக்கத்துக்கு நகர்த்தி ஒட்டுவார். அலுமாரி கேட்டவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். "விரிச்சி வேணுமின்டா வேற ஆளப் பாருங்க," என்பார்.

ஏன் என்று எனக்கு ஒருமுறை காட்டினார். என் மனைவிக்கு அலுமாரி செய்யும்போது, அடுத்தடுத்த இரண்டு ஏடுகளை எடுத்து என் முன்னால் மெதுவாக விரித்தார். ஏதோ ஒரு பிராணி. நெற்றி, இரண்டு கண், நீளமான தாடை. பார்த்த நொடியிலேயே படக்கென்று மூடிவிட்டார். "நீங்க அதப் பாத்தது பெருசில்ல தம்பி. அது ஒங்களப் பாத்துட்டுது," என்றார். எனக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்கு முதலில் வருவது கோபம்தானே.

அப்படிப்பட்டவர் தன் ஆயுளில் ஒரே ஒரு முறை ஏட்டை விரித்து ஒட்டினார். அது ஒரு படகில்.

மலைநாட்டில் ஏது படகு என்று கேட்பீர்கள். ஊரே அப்படித்தான் கேட்டது. வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் துரைக்குச் சீமைக்குப் போக மனமில்லை. திருகோணமலையில் ஒரு பழைய படகை வாங்கி, அதிலேயே குடியிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு காலத்தைக் கழிக்கத் திட்டம் போட்டார். படகின் அறைக்குள் சுவரெல்லாம் வினியர் போட வேண்டும். பாஸிடம் ஆள் அனுப்பினார். பாஸ் திருகோணமலைக்கு வரமுடியாதென்று சொல்லிவிட்டார், வீட்டில் மனைவிக்கு நோய் முற்றியிருந்தது. ஆள் வராவிட்டால் படகு வரட்டும் என்று துரை முடிவெடுத்தார். என் லொறியில்தான் அது வந்தது, வாலை வெளியே நீட்டிக்கொண்டு. நாலந்தை ஊர்ப் பாதையின் வளைவுகளில் நான் செபமாலை சொன்னேன். என் வீட்டுக்குப் பின்னால் லொறி நிறுத்துகிற தகரக் கொட்டகையில் மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் படகை ஏற்றி வைத்தோம். "மாத்தளைக்குக் கடல் எப்ப வருது?" என்று கேட்காத ஆளில்லை.

பாஸின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சுகமாக இருந்த காலத்தில் பகல் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் மனைவியோடு உட்கார்ந்து கதைத்துச் சிரித்துவிட்டுத்தான் போவார். "எங்கட மாப்புளக்கி மரத்துக்கும் பயம், தீப்பெட்டிக்கும் பயம். எனக்கு மட்டும் பயமில்ல பாருங்க," என்று அவர் முன்னாலேயே சொல்வார். பாஸ் தாடிக்குள் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. பிறகு வயிற்றுக்குள் ஏதோ கட்டி என்றார்கள். அக்கா வற்றிக்கொண்டே வந்தார்.

படகு வேலையும் நடந்தது. பக்கச் சுவர்கள் வளைவானவை, பலகை வைத்து இறுக்க முடியாது. அதனால் மணலைச் சூடாக்கிச் சாக்குகளில் கட்டி, ஒட்டிய ஏட்டின்மேல் சாய்த்து வைப்பார். சின்ன அறை. பகலிலும் மங்கல்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் சுவரோரமாக யாரோ வரிசையாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பது போலிருக்கும். பசை துரை தந்தது, டின்னில் வந்த தூள். கரைத்துப் பூசிக் காய்ந்துவிட்டால் வெந்நீருக்கும் அசையாது. வேண்டாமென்றால் சீவித்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக முன்சுவர். இரண்டு படுக்கைகளுக்கும் எதிரே, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம். அதற்கென்று துரையின் மனைவி, துரைசானி, சீமையிலிருந்து தருவித்த ஏடுகள் இருந்தன, கறுப்பும் மண்ணிறமும் சுழன்று சுழன்று ஓடும் மரம். விரித்துத்தான் ஒட்ட வேண்டும் என்று துரை சொன்னார். பாஸ் முடியாது என்றார். துரை கத்தினார். பாஸ் கத்தவில்லை, கருவிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் அக்காவைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

ஒரு காலை பாஸ் தானாகவே வந்தார். யாரோடும் பேசாமல் படகுக்குள் ஏறினார். பின்னேரம் நான் எட்டிப் பார்த்தபோது முன்சுவர் முடிந்திருந்தது. விரித்து ஒட்டியிருந்தார். அதிலிருந்தது பிராணி இல்லை, ஆள். சாய்ந்த இரண்டு கண்கள். நடுவே வரிகள் இறங்கி மூக்கானது. கீழே கறுப்பாக ஒரு கீற்று, மூடிய வாய். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நாம் சொல்வதைக் கடைசிவரை கேட்கப்போகிற முகம். நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டேன்.

"தொர சொன்னதுக்காகச் செஞ்சிட்டீங்களா பாஸ்?"

"தொரக்காக இல்ல," என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். "தம்பி, எங்கட ஊடு மழைக்கி ஒழுகுது. படகு அற நல்லாக் காஞ்சி ஈக்குது. தொர எடுக்க வர்ற வரைக்கும் அவவ இதுக்குள்ள படுக்க வெக்கட்டுமா?"

வடகீழ் மழைக்காலம். கேட்டதில் நியாயம் இருந்தது. சரி என்றேன். இரண்டு பெண்கள் துணைக்கு வர, அக்காவைப் பாயோடு தூக்கிப் படகுக்குள் ஏற்றினார்கள். ஊர் வாய் இன்னும் கொஞ்சம் நீண்டது. பாஸ் காதில் வாங்கவில்லை. வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டு அறை வாசலில் உட்கார்ந்தார். இருந்த ஒரு சின்ன ஜன்னலையும் அடைத்தார். கதவை ஒரு ஆள் நுழைகிற நேரத்துக்கு மேல் திறந்து வைக்க விடமாட்டார்.

உள்ளே போய்வந்தது என் மனைவிதான். கஞ்சி கொடுப்பாள், துடைத்துவிடுவாள். ஒரு நாள் முகம் வெளுத்துப்போய் இறங்கிவந்தாள்.

"அந்த மனுசன் என்ன செஞ்சி வச்சிருக்காரு தெரியுமாங்க? உருவம் இருக்கிற எடத்துக்குச் சம்மனசு வராதில்ல? உசிர எடுக்க வர்றதும் ஒரு சம்மனசுதானாம். அது உள்ள வரக் கூடாதுன்னுதான் அந்த மூஞ்சிய ஒட்டி அக்காவ அதுக்கு முன்னால படுக்கப் போட்டிருக்காரு."

எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அக்கா சாகவில்லை. தண்ணீர் இறங்குவது நின்றுவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. இன்றைக்கு, நாளைக்கு என்று பார்த்துப்போகிற பெண்கள் எல்லாம் சொன்னார்கள். ஆனால் இன்றும் போனது, நாளையும் போனது. வலி மட்டும் குறையவில்லை. அந்த முனகல் கொட்டகைத் தகரத்தில் பட்டு எங்கள் அடுப்படி வரைக்கும் வந்தது. சாப்பாட்டில் கை வைக்க முடியாது.

நான் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற லெப்பையிடம் போனேன். நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது ரஹ்மத்துட மலக்குமார். அருளக் கொண்டு வர்றவங்க. அவங்கதான் வரமாட்டாங்க. உசிர வாங்குறவருக்குக் கதவும் இல்ல, தடையும் இல்ல. அவரு எப்பிடியும் வருவாரு. இந்த மனுசன் பாவம், பெரிய பெழ உட்டுட்டாரு," என்றார்.

அப்படியானால் பாஸ் வெளியே நிறுத்தி வைத்திருப்பது அருளை மட்டும்தான். அங்கிருந்து நேரே படகடிக்கு நடந்தேன். போய் அவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"லெப்ப ஓதினவரு. அவரு சொல்றது சரியா ஈக்கும்," என்றார். "ஆனா அவரு பொஞ்சாதி சொகமா ஈக்குறா தம்பி."



துரையிடமிருந்து தகவல் வந்தது, படகைக் கொண்டுவரட்டும் என்று. பாஸிடம் சொன்னேன். அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். "அப்பிடியே ஏத்துங்க. நானும் அவவும் உள்ளுக்கே ஈந்து வாரோம். தொரக்கிட்ட நான் கதைக்கிறேன்." அந்த உடம்பை அந்த வளைவுகளில் குலுக்கிக்கொண்டு போவதா? மாட்டேன் என்றேன். வேறு லொறி பிடிப்பதாகச் சொன்னார். பிடிப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணிலும் அப்போது தூக்கம் என்பதே இல்லை.

லொறியில் ஏற்ற ஆட்கள் வந்திருந்த அன்று மழை. பின்னேரத் தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. நான் ஏணியின் மேற்படியில், அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே என் மனைவி அக்காவின் தலையை மடியில் வைத்திருந்தாள். பாஸ் கால்மாட்டில் இருந்தார். அக்கா பேசினார். அந்தக் குரல் எங்கே மிச்சம் இருந்ததோ.

"என்னைய ஊர் ஊரா இழுத்துக்கிட்டுத் திரிய வேணாம். எனக்குப் போகோணும்."

"கொஞ்சம் பொறுங்க. கடல் காத்துக்குச் சொகமாகும்," என்றார் பாஸ்.

"சொகமாகாது. ஒங்களுக்கும் தெரியும்." மூச்சு வாங்கினார். "அந்த மூஞ்சி என்னையப் பாத்துக்கிட்டே ஈக்குது. அதுவும் தூங்குற இல்ல, நானும் தூங்குற இல்ல. அதுக்கு முன்னுக்கு அழவும் வெக்கமா ஈக்குது."

பாஸ் போர்வையை இழுத்து அவர் காலை மூடினார்.

"இவ்வளவு காலமும் ஒங்கட சொல்ல நான் கேட்டேன். தீப்பெட்டிப் படத்துக்குக்கூட நான் ஒன்டும் சொல்லல்ல. இந்த ஒன்ட நீங்க கேளுங்க. அதுட கண்ண எடுங்க."

"எடுத்தா நீங்க போயிடுவீங்க," என்றார் அவர். அந்தப் பெரிய மனிதரின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

"போறதுக்குத்தான் கேக்குறேன்."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.  என் மனைவி அழுகையை அடக்கச் சேலையை வாயில் வைத்திருந்தாள். பிறகு பாஸ் எழுந்து சாக்கிலிருந்து உளியை எடுத்தார். அது அவர் ஒட்டிய வேலை, காற்று ஒரு துளி நிற்காத வேலை, சும்மா பெயர்ந்து வராது. இடது கண்ணில் உளியை வைத்துச் சீவினார். சுருள் சுருளாக விழுந்தது. ஒவ்வொரு சீவலுக்கும் அக்காவின் மூச்சு கொஞ்சம் ஆழமாக இறங்குவது வெளியே நின்ற எனக்கே கேட்டது. இடது கண் போய் வெறும் பலகை தெரிந்தது. வலது கண்ணில் உளியை வைத்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார். அதையும் சீவினார்.

அப்போது முகம் முகமாக இல்லை. வெறும் மரம். என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியதுபோல் இருந்தது, சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

பாஸ் உளியைக் கீழே வைத்தார். உடம்பில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்தார். வந்து கதவின் இரண்டு பலகைகளையும் சுவரில் படும்வரை அகலத் திறந்தார். மழைச் சாரல் உள்ளே அடித்தது. வாசலை விட்டு ஒதுங்கி, வீட்டுக்கு வந்த பெரியவருக்கு நிற்பதுபோல் தலையைக் குனிந்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றார்.

அது சலாம் சொன்னவருக்குச் சொல்லுகிற பதில். அதற்கு முன்னால் யாரும் சலாம் சொல்லி எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஏணியில் நின்றுகொண்டிருந்த நான், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டிருந்தேன்.